நிவந்தமும் நல்கையும்: சென்னைக் கல்விக் கூடங்களில் இசைக்கலை

முன்னுரை

கலை வளரப் புலமை வேண்டும். புலமை நிலைபெறப் பொருள் வேண்டும். பாணரும் கூத்தரும் பொருநரும் புரவலரை நாடிச் சென்ற செய்தியைச் சங்க நூல்கள் விரித்துரைக்கின்றன. பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதான் ஒருவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை என்னும் துறையே பொருள் பெறும் நெறியை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது. இன்று அப்புரவலர் இடத்தில் பல்கலைக் கழகமும் மானியக் குழுவும் அரசும் நிற்கின்றன. பாணன் யாழோடு சென்றான். நாம் விண்ணப்பப் படிவத்தோடு செல்கின்றோம்.

கலைக்குக் கல்விக் கூடங்கள் பொருள் தருவதில்லை என்பது பலர் கூறும் குறை. அக்குறையில் உண்மை உண்டு. ஆயின், வரலாற்றை நோக்குவார்க்கு அதனினும் ஆழமான உண்மை ஒன்று புலனாகும். பொருள் எவ்வளவு தரப்பட்டது என்பதைக் காட்டிலும், அது எதன்மேல் தரப்பட்டது என்பதே கலையின் நிலைபேற்றை முடிவு செய்துள்ளது. இக்கருத்தைச் சென்னையில் இசைக்கலை கல்விக் கூடங்களுள் இடம் பெற்ற வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

தஞ்சைக் கல்வெட்டுத் தரும் அளவுகோல்

ஆராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அதனைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று தருகின்றது. முதலாம் இராசராசன் தன் ஆட்சியின் 29ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 1014 வரை அக்கோயிலுக்கு அளித்த நிவந்தங்களுள் ஆடற் கலைக்கும் இசைக் கலைக்கும் அமைந்த பகுதி பெரிது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைக்கப்பெற்றுத் தஞ்சையில் குடியமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவர்க்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உரியவாயின. ஒரு பங்கின் ஆண்டு வருவாய் 100 கலம் நெல். ஆடல் ஆசிரியர், பாடுவோர், கருவி இசைப்போர் முதலியோர்க்கும் பங்குகள் வகுக்கப்பெற்றன.

இக்கல்வெட்டில் கருதத்தக்கவை மூன்று. முதலாவது, கொடை ஒரு திருநாளுக்கென அளிக்கப்படாமல், பணி செய்யும் ஆளின் வாழ்வுக்கென அளிக்கப்பட்டது. இரண்டாவது, பங்கு பெற்றவர் இறந்தாலும் பிற இடம் பெயர்ந்தாலும் செய்ய வேண்டுவது யாது என்பது முன்னரே வரையறுக்கப்பட்டது. அவர்தம் உறவினர் தகுதியுடையராயின் அப்பணியைப் பெறுவர். தகுதி இலராயின் தக்கார் ஒருவரைத் தேர்ந்து பணி செய்விப்பர். உறவினரே இல்லையாயின் அத்தொழிலில் உள்ள ஏனையோர் கூடித் தகுதியுடையார் ஒருவரைத் தேர்வர். மூன்றாவது, 400 பெண்டிரின் பெயரும், அவர் குடியிருந்த தெருவின் சிறகும், வீட்டின் வரிசையும், அவர் முன்னர்ப் பணிபுரிந்த கோயிலும் கல்லில் பொறிக்கப்பட்டன.

அக்காலச் சமுதாய அமைப்பை மீட்டல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கோயிற் பணியொடு பிணைந்து வளர்ந்த வழக்கம் பிற்காலத்தில் மகளிர்க்கு இழைத்த கொடுமை பெரிது. 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் அதனை ஒழித்தது நன்றே. ஆயினும், கலைக்குப் பொருள் வகுத்த முறை என்ற அளவில், கொடை பணியின்மேல் நிற்றல், தகுதியைத் துறை அறிந்தார் தேர்தல், கலைஞர் பெயர் கணக்கில் நிற்றல் என்னும் மூன்றும் இன்றைக்கும் உரைகல்லாகத் தக்கவை.

தனியொருவர் கொடை

கோயில் நிவந்தங்கள் தளர்ந்து, அரசவைகளின் ஆதரவும் குன்றிய பின்னர், இசை ஆராய்ச்சியின் சுமை தனி மனிதர் தோள்மேல் வீழ்ந்தது. தஞ்சையில் மருத்துவத் தொழிலால் பொருளீட்டிய ஆபிரகாம் பண்டிதர் 1912ஆம் ஆண்டு இசைச் சங்கம் ஒன்றை நிறுவித் தம் பொருள் கொண்டே மாநாடுகள் கூட்டினார்; 1917ஆம் ஆண்டு 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் 1919ஆம் ஆண்டு மறைந்தார். அந்நூலின் இரண்டாம் பகுதி 1946ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. இடையே கழிந்த 27 ஆண்டுகள் நமக்கு உணர்த்துவது யாது? வள்ளன்மை எத்துணைப் பெரிதாயினும், வள்ளல் ஒருவர் வாழ்நாளோடு அது பிணைந்துவிடின் ஆராய்ச்சி அவரோடு தளர்கின்றது என்பதேயாம்.

சென்னையில் எழுந்த முயற்சி

1927ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னையில் காங்கிரசு மாநாடு நடைபெற்றபோது அனைத்திந்திய இசை மாநாடும் உடன் நிகழ்ந்தது. அதன் பயனாக எழுந்த சங்கீத வித்துவ சபை 1928ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் தொடங்கி வைக்கப்பெற்றது. அச்சபையின் புகழ் இன்று மார்கழிக் கச்சேரிகளால் பரவியுள்ளது. ஆயின், அது தோன்றிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, 1931ஆம் ஆண்டு, இசை ஆசிரியர்க்கெனக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது. விழாவினால் பெயரும் கல்லூரியினால் வழித்தோன்றலும் வரும் என்பதை அதனை நிறுவியோர் அறிந்திருந்தனர் போலும்.

மயிலாப்பூர்க் கடற்கரையில் 1914ஆம் ஆண்டு தோன்றிய மகளிர் கல்லூரி, பின்னர் இராணி மேரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. ஆங்கு இசை பாடமாக இடம் பெற்றமை சிறு செய்தி அன்று. ஒரு சில குடும்பங்களின் உரிமையாகவும், மற்றைக் குடும்பங்களில் வீட்டளவில் அடங்கியதாகவும் இருந்த இசை, மகளிர் எவரும் வகுப்பறையில் அமர்ந்து கற்றற்கு உரிய கல்வியாயிற்று. ஆங்கு இசை கற்பித்த பி. சாம்பமூர்த்தி செருமனி நாட்டு மியூனிக் நகர் சென்று மேலை இசையியலும் பயின்று வந்தார்.

1932ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகம் இசைக்கெனத் தனித்துறை கண்டது. பல்கலைக் கழகம் பொருள் ஒதுக்கும்போது பாடத்திட்டம் கேட்கும், கால வரையறை கேட்கும், தேர்வு கேட்கும். குருவின் இல்லத்தில் ஆண்டுக் கணக்கில் உடனுறைந்து கேட்டுப் பெற்ற கலை, மணிக் கணக்கில் வகுக்கப்பட வேண்டியதாயிற்று. இதனால் விளைந்த இழப்பை மறைத்தல் ஆகாது. கற்பனை விரிவு தேர்வுத்தாளில் அடங்காது. ஏட்டிலக்கணம் செவிப்பயிற்சிக்கு ஈடாகாது. ஆயினும், அவ்வடிவம் ஏற்றமையால் இசை ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் இடம் பெற்றது. 1937ஆம் ஆண்டு துறையின் பொறுப்பேற்ற சாம்பமூர்த்தி மாணவர்க்கென ஆங்கிலத்தில் பல தொகுதிகளாக எழுதிய தென்னிந்திய இசை நூல் அவ்வடிவம் தந்த நற்பயன்களுள் ஒன்று.

ஒரு புலவரும் நான்கு நிறுவனங்களும்

கொடையின் வகைகளை ஒருவர் வாழ்விலேயே காணலாம். 1876ஆம் ஆண்டு பிறந்த டைகர் வரதாச்சாரியார் சங்கீத வித்துவ சபையின் ஆசிரியர் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக் கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். அதன்பின் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் சென்றார். இறுதியில் அடையாற்றுக் கலாசேத்திரத்தில் பணியாற்றி 1950ஆம் ஆண்டு மறைந்தார். முதலாவது, இசை அன்பர் கூடிய அவை. இரண்டாவது, மாகாணத்தின் பல்கலைக் கழகம். மூன்றாவது, வள்ளல் ஒருவரின் கொடையால் 1929ஆம் ஆண்டு எழுந்த பல்கலைக் கழகம். நான்காவது, 1936ஆம் ஆண்டு உருக்குமிணி தேவி நிறுவிய தனிக் கலைக்கூடம்.

இந்நான்கும் ஒன்றற்கொன்று மாறுபட்ட நோக்குடையன. அண்ணாமலை அரசர் தமிழிசைக்கெனப் பொருள் வழங்கினார். 1941ஆம் ஆண்டு சிதம்பரத்தில் தமிழிசை மாநாடும், 1943ஆம் ஆண்டு சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் தோன்றின. அவ்வியக்கம் பற்றி இசை உலகில் அன்று எழுந்த வழக்காடல் கடுமையானது. ஆயின், அச்சங்கம் 1949ஆம் ஆண்டு தொடங்கிய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவாரும் இசைவாணரும் தமிழறிஞரும் ஒருங்கமர்ந்து தேவாரப் பண்களை ஆராய்ந்தனர். வழக்காடல் ஓய்ந்த பின்னரும் எஞ்சி நிற்பது அவ்வாராய்ச்சியேயன்றோ?

கலாசேத்திரத்தின் வரலாறு மற்றொரு பாடம் புகட்டும். பிரம்மஞான சபையின் நிழலில் தோன்றிப் பின்னர்த் திருவான்மியூரில் தனக்கென இடம் கண்ட அந்நிறுவனம், நெடுங்காலம் அன்பர் கொடையையும் நிறுவியவர் முயற்சியையுமே சார்ந்திருந்தது. உருக்குமிணி தேவி 1986ஆம் ஆண்டு மறைந்தார். 1993ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் அதனை நாட்டுச் சிறப்புடைய நிறுவனமாக ஏற்றது. நிறுவியவர் மறைவுக்குப் பின் நிறுவனம் நிலைக்கச் சட்டம் துணையாயிற்று. அதுபோன்றே, 1949ஆம் ஆண்டு முசிரி சுப்பிரமணிய ஐயர் முதல்வராகத் தொடங்கிய அரசினர் கருநாடக இசைக் கல்லூரி, அடையாற்றங்கரைப் பிரோடி மாளிகையில் வளர்ந்தது. தமிழக அரசு இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக் கழகம் கண்டது 2013ஆம் ஆண்டில்.

மதிப்பீடும் காலமும்

பொருள் கேட்போர் அளவைக் குறைத்துக் கேட்பதும், கொடுப்போர் காலத்தைக் குறைத்துக் கொடுப்பதும் உலக வழக்கு. இதற்குச் சென்னைப் பல்கலைக் கழகத் தமிழ்ப் பேரகராதியே சான்று. இசைத்துறையின் புறத்ததாயினும், கல்விக்கூட நல்கையின் இயல்பை உணர்த்த அதனினும் சிறந்த சான்று இல்லை. 1913ஆம் ஆண்டு தொடங்கிய அப்பணிக்கு முதலில் மதிக்கப்பட்ட செலவு 1 இலட்சம் உரூபாய். காலம் 5 ஆண்டு. ஆறு தொகுதிகள் நிறைவெய்தியது 1936ஆம் ஆண்டில். பிற்சேர்க்கை வெளிவந்தது 1939ஆம் ஆண்டில். செலவு 4 இலட்சத்தினும் மிகுந்தது. இடையில் நல்கையை நிறுத்தியிருப்பின் அகராதி அரைகுறையாக நின்றிருக்கும். மதிப்பீடு பிழைத்த போதும் பணியை விடாது தாங்கிய பல்கலைக் கழகத்தின் பொறுமையினாலேயே நம் மேசைமேல் இன்று அவ்வகராதி இருக்கின்றது.

இன்றைய விண்ணப்பம்

இவ்வரலாற்றை இன்றைய நிலையோடு பொருத்திக் காண்போம். சில ஆண்டுகளுக்கு முன், கல்விக் கூடம் ஒன்றில் மாணவர்க்குத் தெருக்கூத்துப் பயிற்றற்கு ஆசிரியர் ஒருவரை ஓராண்டு அமர்த்த வேண்டி யான் விண்ணப்பம் எழுதினேன். பந்தல், ஒலிபெருக்கி, அழைப்பிதழ், பொன்னாடை, சிற்றுண்டி ஆகிய எல்லாவற்றிற்கும் படிவத்தில் இடம் இருந்தது. கூத்தாசிரியர் ஊதியத்திற்கு இடம் இல்லை. ஒருநாள் நிகழ்ச்சியாக மாற்றித் தருமாறு குறிப்புடன் அது திரும்பி வந்தது. யானும் மாற்றிக் கொடுத்தேன். நிகழ்ச்சி சிறப்பாகவே நடந்தது. அடவு ஒன்றேனும் கற்ற மாணவர் எவரும் இல்லை. படிவத்தைக் குறை கூறல் எளிது. அதற்கேற்பக் கலையைச் சுருக்கிக் கொடுத்த குறை என்னுடையதே.

படிவத்தில் இடமின்மைக்குக் காரணம் உண்டு. 1953ஆம் ஆண்டு தோன்றி 1956ஆம் ஆண்டு சட்ட வடிவம் பெற்ற பல்கலைக் கழக மானியக் குழு, ஆசிரியர் பணிக்குப் பட்டத் தகுதிகளை வரையறுத்தது. கல்வித் தரத்திற்கு அது வேண்டுவதே. ஆயின், வழிவழியாக வந்த கலையில் முதிர்ந்த ஒருவர் பட்டம் இன்மையால் வகுப்பறை வாயிலில் நிற்க நேர்ந்தது. உள்ளூர்க் கலைஞரையும் கைவினைஞரையும் கல்விக் கூடங்களில் இருந்து பயிற்றுவிப்போராக ஏற்றற்கு மானியக் குழு 2023ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வாயில் திறந்துள்ளது, அவ்வாயிலுள் அழைத்து வருதல் துறைகளின் கடமையாகும்.

ஆதலின், கலைக்குப் பொருள் வேண்டி விண்ணப்பம் எழுதுவோர் நான்கு வினாக்களுக்கு விடை கூறல் நன்று. கற்பிப்பவர் யார்? கற்பவர் எத்தனை பேர், எத்தனை நாள்? அவர் தகுதியைத் தேர்பவர் அத்துறை அறிந்தவரா? நல்கை தீர்ந்தபின் எஞ்சுவது யாது? பாடமோ, ஒலிப்பதிவோ, சுவடிப் பதிப்போ, பயின்ற மாணவரோ எஞ்சுவராயின் அந்நல்கை நிவந்தமாகும். எஞ்சாவிடின் அது செலவாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. விழாவின்மேல் அளிக்கப்பட்ட பொருள் விழாவோடு முடிந்தது. தனியொருவர் அளித்த பொருள் அவர் வாழ்நாளைப் பெரிதும் சார்ந்து நின்றது. ஆசிரியர் பணியின்மேலும் பாடத்தின்மேலும் ஆராய்ச்சியின்மேலும் அளிக்கப்பட்ட பொருளே தலைமுறை கடந்து பயன் தந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தில் 1932ஆம் ஆண்டு இட்ட வித்து இன்று முனைவர் பட்ட ஆராய்ச்சி வரை வளர்ந்துள்ளமை இதற்குச் சான்று.

தஞ்சைக் கல்வெட்டில் ஆடல் மகளிர் 400 பேரின் பெயரும் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. நம் கல்விக் கூடங்களின் கலைக் கணக்கேடுகளைப் பின்வரும் ஆராய்ச்சியாளர் புரட்டும்போது, பந்தல் வாடகையையன்றிக் கற்பித்தார் பெயரையும் கற்றார் பெயரையும் அவற்றில் காணுமாறு செய்தல் நம் பொறுப்பாகும்.