விசாரணையும் ஒரு குற்றமாகும்போது: டெரி படுகொலையும் பிரிட்டிஷ் அரசின் பொறுப்பும்

வட அயர்லாந்தின் டெரி நகரில், விசாரணையின்றிச் சிறைவைக்கும் நடைமுறையை எதிர்த்து 1972 ஜனவரி 30 அன்று ஊர்வலம் சென்றவர்கள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே மாண்டனர். காயம்பட்ட இன்னொருவர் சில மாதங்களில் இறந்தார். சுட்டது யார், எதற்காக என்பது அரை நூற்றாண்டாகப் பேசப்பட்டுவிட்டது. ஆனால், அதன்பின் நடந்த புலன்விசாரணை தனியொரு தீங்கு. கொலைக்கு அப்பால் அதற்கும் அரசு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த விசாரணை எப்படி நடந்தது என்பதை அருகில் சென்று பார்க்க வேண்டும். துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட சிப்பாய்களை ராணுவக் காவலர்களே விசாரிப்பது என்று 1970இல் காவல்துறையும் ராணுவமும் தமக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. சீருடை இல்லாத அதிகாரி ஒருவர், தேநீரும் சாண்ட்விச்சுமாகச் சிப்பாயுடன் உட்கார்ந்து பேசுவதுதான் பல விசாரணைகளின் லட்சணம். ஒரு மனித உயிர் போனதற்கான புலன்விசாரணை இது! டெரி படுகொலைக்குப் பிறகு தலைமை நீதிபதி விட்ஜரி விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். அந்த நாட்களில் அவரைச் சந்தித்த அன்றைய பிரதமர் ஹீத், அங்கு நடப்பது ராணுவப் போர் மட்டுமல்ல, பிரச்சாரப் போரும்தான் என்று நினைவூட்டியதைப் பின்னாளில் வெளியான அரசுக் குறிப்பு காட்டுகிறது. நேரில் கண்டவர்களின் நூற்றுக்கணக்கான வாக்குமூலங்களில் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவிட்டு, சுமார் பதினொரு வாரங்களில் அறிக்கை வெளியானது. இறந்தவர்கள் மீதே சந்தேகத்தின் நிழல் விழுந்தது. 1998இல் அமைக்கப்பட்ட சாவில் ஆணையம் 2010இல்தான் அதைத் துடைத்தது: சுடப்பட்ட எவராலும் உயிருக்கு ஆபத்து நேரும் நிலை இருக்கவில்லை என்றும், சிப்பாய்கள் பலர் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்றும் அது கண்டது.

சாவில் அறிக்கையும் பிரதமர் கேமரூனின் மன்னிப்பும் பிழையைத் திருத்திவிட்டன, இனி என்ன வேண்டும் என்று கேட்கப்படுகிறது. உண்மை வெளிவந்தது பெரிய காரியம்தான். ஆனால் அந்த ஆணையத்தின் வரம்பு உயிரிழப்புக்கு இட்டுச்சென்ற அன்றைய நிகழ்வுகள். பிந்தைய புலன்விசாரணை ஏன் சீர்கெட்டது என்பதல்ல. அந்தச் சீர்கேடு இன்றும் வழக்குகளைத் தின்கிறது. பெல்பாஸ்டில் 1972இல் நடந்த வேறொரு கொலைக்காக முன்னாள் சிப்பாய்கள் இருவர் மீது தொடரப்பட்ட வழக்கு 2021இல் விழுந்தது. மேலதிகாரியின் உத்தரவுப்படி, எச்சரிக்கையும் வழக்கறிஞரும் இன்றி அன்று பெறப்பட்ட வாக்குமூலங்களைச் சாட்சியமாகக் கொள்ள முடியவில்லை. அவற்றை அடியொற்றிப் பின்னாளில் பெறப்பட்டவையும் நிற்கவில்லை. டெரி வழக்கில் 2025 அக்டோபரில், குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னாள் படைவீரர் ‘சிப்பாய் எஃப்’ விடுதலையானார். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது, சக சிப்பாய்கள் இருவரின் 1972 வாக்குமூலங்களை. ஒருவர் உயிருடன் இல்லை. மற்றவர் சாட்சி சொல்ல மறுத்தார். குறுக்கு விசாரணைக்கு வழியே இல்லை.

அன்றைய நெருக்கடியை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்பது வலுவான மறுப்பு. ஆனால் கொலையைப் புலன்விசாரிப்பது காவல்துறையின் கடமை என்பது நேற்று முளைத்த கொள்கையல்ல. 1971இல் டெரியில் தன் வீட்டுத் தோட்டத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒரு தாயின் வழக்கில், அன்றைய விசாரணை போதுமானதல்ல என்று வட அயர்லாந்து நீதிமன்றமே 2003இல் சொன்னது. அதற்கு முன், 2001 மே மாதத்தில், இத்தகைய வேறு கொலைகளில் முறையான விசாரணை நடக்காததே உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தை அரசு சொல்லவே கூடாது, அந்தத் தாமதத்தை உண்டாக்கியது அதுவே என்பதால். வட அயர்லாந்தின் பழைய வழக்குகள் குறித்து பிரிட்டன் கொண்டுவந்த 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நேரெதிராகப் போனது: நிபந்தனையுடன் குற்றவிலக்கு அளிக்க முன்வந்தது, நிலுவையிலிருந்த மரண விசாரணைகளை நிறுத்தியது. குற்றவிலக்குப் பிரிவு மனித உரிமைகளுக்கு முரணானது என்று 2024 பிப்ரவரியில் பெல்பாஸ்ட் உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. தண்டிக்க வழியில்லாத இடத்திலும் 1970 ஏற்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது யார், அதன் விளைவு தெரிந்தும் தொடரவிட்டது யார் என்ற ஆவணங்களை முழுமையாக வெளியிடுவதும், விசாரணை மறுக்கப்பட்டதற்கென்றே குடும்பங்களுக்குத் தனி இழப்பீடு தருவதும் இன்றும் அரசின் கையில்தான் இருக்கின்றன.