பராக் மலைகளின் ராணி

இம்பால் சமவெளிக்கு மேற்கே அலையலையாய் எழுவன தமெங்லாங் மலைகள். பராக் ஆறும் அதன் துணையாறுகளும் அறுத்த ஆழ்ந்த பள்ளங்கள். இருமருங்கும் மூங்கிற் காடு. காலைப்பொழுதில் பள்ளங்களை நிறைத்துக் கிடக்கும் வெண்முகில். அம்முகிலுக்கும் மேலே, முகடுகளில், ஊர்கள். பகைவர் வரவைத் தொலைவிலேயே கண்டுகொள்ள வேண்டி முகட்டையே ஊராக்கினர் அந்நாட்டு நாகர். மார்கழியில் சரிவெல்லாம் கமலாப்பழம் பொன்னெனத் தொங்கும்.

இவ்வெழில் நாட்டின்மீது வெள்ளையர் ஆட்சி எல்லைக் கோடுகள் கிழித்தது. மணிப்பூர் சமஸ்தானம், நாகமலை மாவட்டம், வடகச்சார் மலைகள் என ஒரே இனத்தார் மூன்று ஆட்சிகளுக்குள் பிரிந்தனர். வீட்டுவரியும் கட்டாயச் சுமைவேலையும் மட்டும் அவர்களைப் பிரிக்கவில்லை!

இவற்றை எதிர்த்து முதலில் மக்களைத் திரட்டியவர் ஜடோனாங். கொலைக்குற்றம் சாட்டி, 29-8-1931 அன்று இம்பாலில் அவரைத் தூக்கிலிட்டனர். அக்குற்றச்சாட்டை அவருடைய மக்கள் இன்றளவும் ஏற்பதில்லை. அவருக்குப்பின் தலைமை ஏற்றவர் 1915-இல் பிறந்த காய்டின்லியு என்னும் இளம்பெண். அப்போது வயது பதினாறு.

வேலுக்கும் துப்பாக்கிக்கும் போர் மூண்டது. 1932 மார்ச்சில் ஹங்ரும் என்னுமிடத்தில் அஸ்ஸாம் ரைபிள்ஸ் காவலிடத்தைத் தாக்கிய வீரர்கள் குண்டுகளுக்கு இரையாயினர். தலைவியோ அகப்படவில்லை. ஓர் எல்லைக்குள் படை புகுந்தால் மறு எல்லைக்குள் மறைந்தார். காடும் முகிலும் காத்தன. துப்புக் கொடுக்கும் ஊருக்குப் பத்தாண்டு வரி இல்லை என்று அறிவித்தது அரசு. வரியால் வாடியவர்க்கு இதனினும் பெரிய தூண்டில் வேறென்ன? அவ்வாறிருந்தும் 17-10-1932 அன்றுதான், புலோமி என்னும் ஊரில், அவர் பிடிபட்டார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

1937-இல் நேரு ஷில்லாங் சிறையில் அவரைக் கண்டு, "ராணி" எனப் பெயரிட்டு, விடுதலைக்கு முயன்றார். ஆனால் மணிப்பூரோ சமஸ்தானம். நாகமலையோ 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி விலக்கப்பட்ட பகுதி. மக்கள் தேர்ந்த அஸ்ஸாம் மந்திரிசபையின் கை இரண்டிடத்தும் எட்டாது. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் உறுப்பினரான ஆஸ்டர் சீமாட்டி வாயிலாகச் செய்த முயற்சியையும் இந்தியா மந்திரி மறுத்துவிட்டார். அன்று தப்பிச்செல்ல உதவிய எல்லைகளே இன்று மதில்களாயின.

1947-இல் சிறைக்கதவு திறந்தது. எனினும் ஐந்தாண்டுகள் துவேன்சாங் பகுதியில் தம்பியுடன் தங்கியிருந்து, 1952-இல்தான் அவர் தம் ஊர் திரும்பினார்.