நிழலும் துணுக்கும்: புற்றுநோய் அறுதியிடலில் முரண்படும் சான்றுகள்

பெரிய முதலியார்சாவடி முதல் மரக்காணத்து உப்பளங்கள் வரையிலான கடற்கரை ஊர்களுக்குப் புதுச்சேரியே அண்மையிலுள்ள பெருமருத்துவ நகரம். 1823இல் பிரெஞ்சு ஆட்சியினர் அங்குத் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர். இத்தகைய மருத்துவ நகரை நாடிச் செல்லும் நோயாளர் சிலரின் கையில், ஒன்றையொன்று மறுக்கும் இரு தாள்கள் சேர்ந்துவிடுவதுண்டு. ஸ்கேன் ‘புற்றாகலாம்’ என்கிறது. பயாப்சி ‘புற்றணு இல்லை’ என்கிறது. எது மெய் என்னும் வினாவே பொருந்தாதது என்பதற்கு மருத்துவ வரலாற்றில் பழஞ்சான்று உண்டு.

1887 மே மாதத்தில் ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்கின் குரல்வளைக் கட்டியைப் புற்றெனவே கருதிய கெர்ஹார்ட், பெர்க்மன் முதலானோர் அறுவைக்கு ஆயத்தமாயினர். இலண்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட மோரெல் மெக்கன்சியோ திசுச் சான்றின்றிக் கத்தி வைத்தலாகாது என மறுத்தார். துணுக்கெடுத்து ருடால்ஃப் விர்ஷோவுக்கு அனுப்பினார். விர்ஷோ அதில் புற்றைக் காணவில்லை. அறுவை கைவிடப்பட்டது. 1888 மார்ச்சில் பேரரசரான ஃபிரெடெரிக் 99 நாள்களே ஆண்டு, ஜூன் 15 அன்று மறைந்தார். பிணக்கூராய்வு புற்றை உறுதிசெய்தது. பிழை விர்ஷோவினதன்று. தாம் கண்ட துணுக்கைக் கொண்டு நோய் முழுமையையும் தீர்ப்பிட இயலாதென அவர் தம் அறிக்கையிலேயே குறித்திருந்தார். அக்குறிப்பு எடையின்றிப் போயிற்று. ‘இல்லை’ என்ற சொல்லே நின்றது.

1971இல் இலண்டனில் சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளரின் மூளையைக் காட்டிய பின்னர் நிழல்கள் தெளிவு பெற்றன. எனினும் நிழல், வடிவையே சொல்லும். அணுவின் இயல்பைச் சொல்லாது. தமிழகத்தில் இவ்வேறுபாடு கூடுதல் கனமுடையது, காசநோயின் பரவல் காரணமாக. சர்க்கரை ஏற்பைக் காட்டும் பெட் ஸ்கேனில் காசக்கட்டியும் புற்றைப்போலவே ஒளிரும். மருந்துண்டு வீட்டிலிருந்தவாறே காசத்தைத் தீர்க்கலாமென 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் உலகுக்கு மெய்ப்பித்தது. அவ்வாறு தீரக்கூடிய நோய்க்காக நுரையீரலின் ஒரு பகுதியை இழப்பது எத்துணைப் பெரிய இழப்பு! மறுதலையாக, காசமும் புற்றும் ஒரே நுரையீரலில் சேர்ந்திருத்தலும் உண்டு.

ஆதலின் இரு விடைகளின் எடையும் சமமன்று. ‘புற்றணு உண்டு’ என்னும் பயாப்சி முடிவு பெரும்பாலும் உறுதியானது. ‘இல்லை’ என்பதோ எடுத்த துணுக்கை மட்டுமே பற்றியது. ஊசி கட்டியின் விளிம்பை உரசியிருக்கலாம், அல்லது அழுகிய நடுப்பகுதியில் இறங்கியிருக்கலாம். காசத்திற்குரிய திசுமாற்றம் தெளிவாகக் காணப்பட்டு அதுவே நிழலையும் விளக்குமாயின், சிகிச்சையோடு தொடர்ந்து நோக்குதல் போதும். வெறும் அழற்சி என்றோ இயல்பான திசு என்றோ முடிவு வந்து, ஸ்கேனின் ஐயம் வலுவாக நிற்குமாயின், கதிர்ப்பட வல்லுநரும் திசுநோயியலாரும் ஒருங்கமர்ந்து படத்தையும் கண்ணாடிச் சில்லையும் ஒப்பிட்டு, மீண்டும் துணுக்கெடுப்பதே இன்றைய முறை.

1887இல் அவ்வாறு ஒருங்கமர்தல் நிகழவில்லை. ஜெர்மானிய மருத்துவரும் மெக்கன்சியும் அரசர் இறந்த பின்னரும் அச்சில் ஒருவரையொருவர் சாடிக்கொண்டிருந்தனர்.