அப்டேட் போட்டதும் லினக்ஸ் லேப்டாப் ஸ்க்ரீன் கருப்பாகிவிட்டதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் பாருங்க!

லினக்ஸ் லேப்டாப்பில் அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்க்ரீன் கருப்பாகவே நிற்கிறதா? ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே வரவில்லையா? பதற வேண்டாம். பெரும்பாலான நேரங்களில் உங்கள் ஃபைல்கள் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். நேற்று வரை நன்றாக ஓடிய பழைய கர்னலும் அதே லேப்டாப்பில்தான் இருக்கும். அதைத் திரும்ப ஓட வைக்க ஒரு பட்டனும் சில நிமிடங்களும் போதும்.

இது தெரியாததால்தான் பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். "ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்" என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிடுகிறார்கள். காலேஜ் ப்ராஜெக்ட், குடும்பப் போட்டோ, கடைக் கணக்கு எல்லாம் அதோடு போய்விடுகிறது.

போடி மலையில் இது ஏன் பெரிய தலைவலி?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஏலக்காய் மலைகளில் இருப்பவர்களுக்கு லேப்டாப் ரிப்பேர் என்பது ஒரு நாள் வேலை. போடிமெட்டில் இருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்ட வேண்டும். எஸ்டேட்டில் இருந்து பஸ் பிடித்து இறங்கி, கடையில் கொடுத்து, திரும்ப ஏறுவதற்குள் ஒரு நாள் சம்பளம் போய்விடும்.

இன்னொரு பக்கம், ஏலக்காய் வியாபாரமே இப்போது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையங்கள் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் இயங்குகின்றன. சரக்குக் கணக்கு, பில், ஜிஎஸ்டி எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும்போது, அவசரமாக அடிக்கும் ஒரு ஃபார்மேட் ஒரு சீசன் கணக்கையே அழித்துவிடும்.

தமிழ்நாட்டில் லினக்ஸ் யாரிடம் இருக்கிறது?

நிறையப் பேரிடம் இருக்கிறது. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத் தரப்பட்டது. பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. போடிமெட்டைத் தாண்டி கேரளாவுக்குள் போனால், அங்குள்ள அரசுப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் லினக்ஸில்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறார்கள்.

இதோடு, விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனமில்லாதவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை நல்ல மாற்று. பாஸ், உபுண்டு, மின்ட் மூன்றுமே டெபியன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அதனால் கீழே சொல்லும் வழிகள் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மெனுவில் பெயர்கள் மட்டும் கொஞ்சம் மாறலாம்.

கர்னல் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் பாகங்களுக்கும் நாம் பயன்படுத்தும் ஆப்களுக்கும் நடுவில் நிற்கும் மேஸ்திரிதான் கர்னல். எந்த வேலையை எந்தப் பாகம் செய்ய வேண்டும் என்று அதுதான் பிரித்துக் கொடுக்கும். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கர்னல்தான் இன்று ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளும் ஓடுகிறது.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. உபுண்டு போன்றவற்றில் கர்னல் அப்டேட் வரும்போது பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்காராது. பழையதற்குப் பக்கத்திலேயே புதியது வந்து சேரும். லேப்டாப்பை ஆன் செய்தால் புதியதுதான் தானாகத் தொடங்கும். பழையது மெனுவுக்குள் காத்திருக்கும். இப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்துதான் இந்த ஏற்பாடே!

ஸ்க்ரீன் ஏன் கருப்பாகிறது?

பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், டிஸ்ப்ளே டிரைவர். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான டிரைவர்கள் கர்னலோடு சேர்ந்தே வரும். என்விடியா நிறுவனம் தரும் டிரைவர் அப்படியில்லை. தனியாக வரும். ஒவ்வொரு புதிய கர்னலுக்கும் ஏற்றபடி அதுவும் புதிதாக அமைய வேண்டும். அந்த வேலை பாதியில் நின்றால், கர்னல் ஓடும், படம் வராது. செக்யூர் பூட் ஆன் செய்துள்ள லேப்டாப்பில், டிரைவர் போட்ட பின் வரும் ரீஸ்டார்ட்டில் நீல நிறத்தில் ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்கலாம். அதைக் கவனிக்காமல் தாண்டிவிட்டாலும் டிரைவர் வேலை செய்யாது.

இரண்டாவது, அப்டேட் பாதியில் கரண்ட் போவது. மழைக்காலத்தில் மலைக்கிராமங்களில் இது சகஜம். புதிய கர்னல் தொடங்கும்போது தேவைப்படும் துணை ஃபைல் முழுதாக உருவாகாமல் நின்றுவிடும். ஹார்ட் டிஸ்க்கில் பூட் பகுதி நிரம்பி இடமில்லாமல் போனாலும் இதே கதைதான்.

மூன்றாவது, கர்னலிலேயே பிழை இருப்பது. 2022 அக்டோபரில் இது நிஜமாகவே நடந்தது. 5.19.12 என்ற கர்னல் பதிப்பைப் போட்ட சில இன்டெல் லேப்டாப்களில் ஸ்க்ரீன் வெள்ளையாக விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. ஸ்க்ரீனுக்கு மின்சாரம் கொடுக்கும் நேரக் கணக்கு தப்பாகப் போனதுதான் காரணம். இப்படியே ஓட்டினால் டிஸ்ப்ளே பேனலே கெட்டுப்போக வாய்ப்பு இருக்கிறது என்று இன்டெல்லின் இன்ஜினீயரே எச்சரித்தார். உடனடியாக 5.19.13 வெளியாகிப் பிரச்சினை தீர்ந்தது. அதுவரை பயனாளர்களுக்கு இருந்த வழி, பழைய கர்னலுக்குத் திரும்புவதுதான்.

முதலில் செய்ய வேண்டிய 4 சோதனைகள்

1. லேப்டாப்பை ஆன் செய்ததும் கம்பெனி லோகோ வருகிறதா என்று பாருங்கள். லோகோ வந்து, அதன் பிறகு கருப்பானால் ஸ்க்ரீன் நன்றாகத்தான் இருக்கிறது என்று அர்த்தம். லோகோவே வரவில்லை என்றால் பெரும்பாலும் கர்னல் காரணமில்லை. ரேம், டிஸ்ப்ளே, கேபிள் போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதற்குக் கடைதான் வழி.

2. பிரைட்னஸ் பட்டனை அழுத்திப் பாருங்கள். இருட்டில் போன் டார்ச்சை ஸ்க்ரீன் மேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாக எழுத்தோ படமோ தெரிந்தால், கம்ப்யூட்டர் ஓடுகிறது. ஸ்க்ரீனுக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் மட்டும் எரியவில்லை.

3. ஐந்து நிமிடம் காத்திருங்கள். கரண்ட் போய் அணைந்த கம்ப்யூட்டர், அடுத்த முறை ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துவிட்டுத்தான் வரும். டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால், அது பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே திரைக்குப் பின்னால் நிற்கவும் வாய்ப்பு உண்டு. எஸ்கேப் பட்டனை ஒருமுறை தட்டினால் கேள்வி தெரியலாம்.

4. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். சில லேப்டாப்களில் எஃப்என் பட்டனையும் சேர்க்க வேண்டும். வெறும் எழுத்தில் லாகின் கேட்டால் நல்ல செய்தி: சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, படம் காட்டும் பகுதி மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய கர்னலுக்குத் திரும்புவது எப்படி?

பவர் பட்டனை ஒருமுறை லேசாக அழுத்தி ஒரு நிமிடம் பாருங்கள். அணையவில்லை என்றால் மட்டும் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். பிறகு:

1. லேப்டாப்பை ஆன் செய்யுங்கள். புதிய மாடல் என்றால் லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் பட்டனைத் தட்டுங்கள். 2011-ஐ ஒட்டி வந்த பழைய மாடல் என்றால் ஆன் செய்ததுமே ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப்பில் இந்த மெனு தானாகவே வரும்.

2. 'க்ரப்' என்ற பெயரோடு ஒரு மெனு வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியை அம்புக்குறி பட்டனால் தேர்வு செய்து என்டர் தட்டுங்கள்.

3. கர்னல்களின் பட்டியல் வரும். எண் பெரிதாக இருப்பது புதியது. அதற்கு அடுத்த சிறிய எண்ணைத் தேர்வு செய்யுங்கள். 'ரெக்கவரி மோட்' என்று இருக்கும் வரி வேண்டாம்.

4. என்டர் தட்டுங்கள். அவ்ளோதான்!

எஸ்கேப்பைப் பல தடவை தட்டிவிட்டால் மெனுவுக்குப் பதிலாக 'க்ரப்' என்ற சொல்லும் மின்னும் கோடும் மட்டும் வந்து நிற்கலாம். பயப்பட வேண்டாம். அணைத்துவிட்டு மறுபடி முயன்று பாருங்கள்.

டெஸ்க்டாப் வந்துவிட்டது, அடுத்து?

முதல் வேலை, முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் காப்பி எடுப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அடுத்து, டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் என்றால் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற ஆப்பைத் திறந்து, பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்வு செய்து மறுபடி போடுங்கள். அப்டேட் பாதியில் நின்றிருந்தால், க்ரப் மெனுவில் ரெக்கவரி மோட் உள்ளே போய் 'டிபிகேஜி' என்ற வரியைத் தேர்வு செய்தால் அரைகுறை வேலையை அது முடிக்கப் பார்க்கும்.

எதுவும் சரிவரவில்லையா? அடுத்த கர்னல் அப்டேட் வரும் வரை பழையதிலேயே ஓட்டலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மெனுவில் அதைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கும் கர்னல் அப்டேட் தேவை. புதியது சரியாகும் வரை 'ஆட்டோரிமூவ்' கட்டளையைத் தொடாதீர்கள். இடம் மிச்சப்படுத்தப் போய், கைகொடுத்த பழைய கர்னலையே அது தூக்கிவிடக் கூடாது.

பழைய கர்னலிலும் கருப்புதானா?

க்ரப் மெனுவில் முதல் வரியில் நின்றுகொண்டு, ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்தான 'இ' பட்டனை அழுத்துங்கள். நிறைய வரிகள் வரும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போங்கள். அங்கே 'க்வையட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதன் பிறகு ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், ஒரே சொல்லாக அடித்து எஃப்10 தட்டுங்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவரின் வித்தைகள் வேண்டாம், சாதாரணமாகப் படம் காட்டினால் போதும் என்று கர்னலிடம் சொல்வதுதான் இது. எழுத்துகள் பெரிதாகவும் படம் மந்தமாகவும் தெரியலாம். ஆனால் உள்ளே போய் ஃபைல்களை எடுக்கவும், டிரைவரை மாற்றவும் இது போதும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். அடுத்த ரீஸ்டார்ட்டில் தானாகவே போய்விடும்.

அதுவும் வேலைக்கு ஆகவில்லை என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதில் இருந்து லேப்டாப்பை ஆன் செய்யலாம். அப்போது 'ட்ரை' என்பதை மட்டும் தேர்வு செய்ய வேண்டும். 'இன்ஸ்டால்' பக்கமே போகக் கூடாது. டிஸ்க்கைத் திறந்து ஃபைல்களை வேறொரு பென் டிரைவுக்கு மாற்றிவிடலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அதன் பாஸ்வேர்டு தேவைப்படும்.

கடைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

"ஸ்க்ரீன் வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். "கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு. லோகோ வருது. முதல்ல பழைய கர்னல்ல பூட் பண்ணிப் பாருங்க. ஃபைல் எல்லாம் எடுக்காம ஃபார்மேட் பண்ணாதீங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். விண்டோஸும் சேர்ந்து இருக்கும் லேப்டாப் என்றால் அதையும் சொல்ல மறக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்தால் இரண்டுமே போய்விடும்.

அடுத்த முறை வராமல் இருக்க...

* அப்டேட் போடும்போது லேப்டாப்பில் சார்ஜ் நிறைய இருக்கட்டும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் யுபிஎஸ் இல்லாமல் கர்னல் அப்டேட் வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் தள்ளிப் போடுங்கள்.

* பரீட்சைக்கு முந்தின நாள், ஜிஎஸ்டி கடைசி நாள், ஏல நாள் காலையில் அப்டேட் போடாதீர்கள். வேலை முடிந்த நாளில் நிதானமாகப் போடலாம்.

* க்ரப் மெனுவைப் பிரச்சினை இல்லாத ஒரு நாளிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் லேப்டாப்புக்கு எஸ்கேப்பா, ஷிஃப்ட்டா என்று அப்போதே தெரிந்துவிடும்.

* லினக்ஸ் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து வீட்டில் வையுங்கள். முக்கியமான ஃபைல்களுக்கு இன்னொரு காப்பி எப்போதும் இருக்கட்டும்.

ஸ்க்ரீன் கருப்பானதும் உங்கள் ஃபைல்கள் அழிந்துவிடுவதில்லை. அவசரப்பட்டு அடிக்கும் ஃபார்மேட்தான் அவற்றை அழிக்கிறது. அதனால் மலை இறங்கும் முன் பழைய கர்னலை ஒருமுறை தேடிப் பாருங்கள்.