நூறு தடா அக்காரவடிசில்

அழகர் மலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாக ஆண்டாள் பாட்டிலே நேர்ந்துகொண்டாள். தடா என்றால் பெரிய பானை. பாடியதோடு சரி.

சில நூற்றாண்டுகள் சென்றன. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ராமாநுஜருக்கு (1017–1137 என்பது சம்பிரதாயக் கணக்கு) அது வெறும் கவிதையாகத் தோன்றவில்லை. தீராத கடனாக உறுத்தியது. அழகர் மலைக்குப் புறப்பட்டார்.

சமையலும் லேசானதல்ல. அரிசியும் பயற்றம்பருப்பும் இளந்தீயில் பாலோடு நெடுநேரம் குழைய வேண்டும். வெல்லம் கடைசியில்தான், முந்திக்கொண்டால் பருப்பு வேகாது, பாலும் திரிந்துவிடும். (பாஸ்டன் நகரத்துப் பழைய அமெரிக்கர்கள் பயற்றைப் பாகோடு சேர்த்தே சூட்டடுப்பில் வைத்து இரவு முழுவதும் வேகவிட்டார்கள். அது வேறு பொறுமை.) அப்படி நூறு தடா!

படைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றவரை ஆண்டாள், "நம் கோயில் அண்ணன்" என்று அழைத்தாளாம். கோயில் என்றால் வைஷ்ணவர்களுக்கு ஸ்ரீரங்கம். பின்னால் பிறந்தவர் எப்படி அண்ணன்? சரித்திரப் பரீட்சையில் இதற்கு மார்க்குக் கிடைக்காது, தங்கைமார் ஒப்புக்கொள்வார்கள்.

மார்கழி 27-ஆம் நாள், கூடாரவல்லியன்று, ஸ்ரீரங்கத்து வீடுகளில் இன்றும் அடுப்பில் வெண்கலப்பானை ஏறுகிறது.