தோட்டத்து லயத்திலிருந்து கல்லுமலைக்கு

தைப்பூசத் திருநாளன்று ஈப்போ, புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் வரை, பால்குடமும் காவடியும் ஏந்திச் செல்லும் மெய்யன்பர்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்வழி நெடுந்தொலைவன்று. ஆயினும் அந்நடைக்குப் பின்னே பேராக் தோட்டப்புறத் தமிழர்தம் நீண்ட வரலாறு உண்டு.

பேராக்கில் இரப்பர், 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட சில கன்றுகளோடு தொடங்கியது. பின்னர்த் தோட்டங்கள் பெருகவே, கங்காணிமார் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வழியை அடைத்தது. ஊரிலே பழனிக்குக் கால்நடையாய்ச் சென்ற மரபினருக்குக் கடல் கடந்தபின் பழனி எட்டாத் தொலைவாயிற்று. சுங்கை சிப்புட், கம்பார், பத்து காஜா வட்டாரத்து மக்களுக்குக் கல்லுமலையே பழனியாயிற்று.

விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, பால்மரம் சீவி, வாளி சுமந்து, நிறுவைக்கு வரிசையில் நின்று கழியும் வாழ்வில், தமக்கென்று ஒருவர் முடிவு செய்யக்கூடியவை மிகச் சிலவே. விரதம் அவற்றுள் ஒன்று. அதனைத் துரையும் கட்டளையிடவில்லை, கங்காணியும் கட்டளையிடவில்லை.

என் தந்தையார் பால்மரம் சீவியவர். தைப்பூசத்திற்கு 48 நாள் முன்னரே துளசிமணி அணிவார். கள்ளுக்கடைப் பக்கம் திரும்பார். அக்காலத்தில் ஜனவரியில் பள்ளி திறக்கும். விரத நாளில் மிஞ்சிய காசை அம்மா பால்மாவு டின்னில் போட்டு வைப்பார். எங்கள் மூவருக்கும் சீருடையும் காலணியும் அதிலிருந்துதான் வந்தன. சில ஆண்டுகளில் மாசி முடியுமுன்னரே தந்தையார் பழைய பாதைக்குத் திரும்பியதும் உண்டு, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அடுத்த மார்கழியில் மீண்டும் மணி அணிவார். ஒரே நாளில் மனிதர் மாறிவிடுவர் என்று சொல்வோரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஆண்டுக்கு 48 நாள் வேறொரு மனிதராய் வாழ்ந்து பார்த்தவரையே நான் அறிவேன்.

கல்லுமலையும் துயரறியாத தலமன்று. 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் பெரும்பாறை சரிந்து, அடிவாரக் குடியிருப்பில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அதன்பின்னும் அம்மலையடிக்கு நேர்த்திக்கடன் சுமந்து அன்பர்கள் வந்துகொண்டே இருந்தனர்.

தோட்டங்கள்தாம் நிலைக்கவில்லை. ஐம்பதுகளில் தோட்டத் துண்டாடல் மூண்டது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கச் செய்தார். ஆயினும் பின்னாளில் எங்கள் தோட்டம் செம்பனையாகி, பின் வீடமைப்புப் பகுதியும் ஆயிற்று. லயங்களை இடித்தனர். அண்டை வீட்டார் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறினர்.

அவர்களுள் பலரை இன்று நான் காண்பது தைப்பூசத்தன்று, கல்லுமலை வாசலில்தான். சென்ற ஆண்டு அரசு அலுவலக நண்பர் ஒருவருடன் அங்கு நின்றிருந்தேன். நெற்றி நிறைய நீறணிந்த மூதாட்டி ஒருவர் என் முகத்தை உற்றுநோக்கி, "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்று கேட்டார். தந்தையாரின் பெயரைச் சொன்னேன்.

"மூணாவது லயமா?"

"ஆமாம் பாட்டி, மூணாவது லயம், கடைசி வீடு."

அவர் தம் தூக்கிலிருந்து பஞ்சாமிர்தம் எடுத்து என் கையில் வைத்தார்.