பனியை இரசித்தவர்களும் பனியைச் சுமந்தவர்களும்

ஒரு மரப்பாலம். வானின் உச்சியில் கருமேகம் திரண்டிருக்கிறது. நூல் பிடித்தாற்போன்ற மெல்லிய கோடுகளாய் மழை இறங்குகிறது. பாலத்தின் மீது சிலர் குடைக்குள் ஒடுங்கியும், ஒருவர் பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டும் விரைகிறார்கள். ஆற்றின் நடுவே தெப்பக்காரர் ஒருவர் மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் கழியை ஊன்றிச் செல்கிறார். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் மரக்கட்டையில் செதுக்குவித்து அச்சிட்ட 'ஓஹாஷி பாலத்தின் மேல் திடீர் மழை' என்னும் ஓவியம் இது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பாரிஸ் நகரிலிருந்த வான்கோ இதனைக் கண்டு மயங்கி, எண்ணெய் வண்ணத்தில் படியெடுத்தார் என்றால் இதன் ஈர்ப்பை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் நம்முள் ஒரு கேள்வி எழுவதுண்டு. நனைந்து ஓடும் மனிதர்களின் படத்தைக் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் ஒட்டி மகிழ்ந்த மக்கள் எப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள்? இன்று தோக்கியோ என வழங்கும் அன்றைய எடோ நகரத்து மக்கள்தாம் அவர்கள். வானிலையை இரசிப்பதை அன்றாட வாழ்வின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்டவர்கள். அவர்களுடைய நாட்காட்டி அதற்குத் துணைநின்றது. நாம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தோம். அவர்களோ சீன மரபைப் பின்பற்றி ஆண்டை ஏறத்தாழ ஐந்தைந்து நாட்கள் கொண்ட எழுபத்திரண்டு சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். 1685இல் ஷிபுகாவா ஷுன்காய் என்னும் வானியலார் அப்பகுப்பைத் தம் நாட்டுத் தட்பவெப்பத்திற்கேற்பத் திருத்தி அமைத்தார். ஐந்து நாட்களுக்கொரு முறை வானும் மண்ணும் புதிதாய் ஏதோ சொல்கின்றன என்று நம்பிய மக்கள் மழையைப் படமாக்கி மகிழ்ந்ததில் வியப்பில்லை அல்லவா?

கோடை வந்தால் எடோவின் கூட்டமெல்லாம் சுமிதா ஆற்றங்கரையில்தான். அவர்களுடைய ஐந்தாம் மாதத்து இருபத்தெட்டாம் நாள் தொடங்கி மூன்று மாத காலம் 'மாலைக் குளிர்ச்சி நுகர்தல்' நடைபெறும். ரியோகொகு பாலத்தருகே படகுகளும் தின்பண்டக் கடைகளும் நிறைந்திருக்கும். காகியா, தமாயா என்னும் இரு வாணவேடிக்கைக் கடைகள் போட்டியிட்டு வானை ஒளிரச் செய்ய, மக்கள் தத்தமக்குப் பிடித்த கடையின் பெயரைக் கூவி ஆர்ப்பரிப்பார்கள். குளிர்காலத்திலோ பனி பார்க்கப் புறப்படுவார்கள். (பனி என்று நாம் இக்கட்டுரையில் சொல்வது மார்கழிக் காலையில் புல்நுனியில் துளிர்ப்பதையன்று, வானிலிருந்து பஞ்சுபோல் உதிரும் வெண்பனியை.) எடோவில் எந்தெந்த இடங்களில் பனியழகைக் காணலாம் என்பதை 1838இல் வெளியான சைத்தோ கெஷ்ஷினின் ஆண்டுவிழா நூல் பட்டியலிட்டே தருகிறது. ஆற்றங்கரையிலுள்ள சோமேய்ஜி ஆலயத்தில், பனி காணச் செல்வதைப் பற்றி பாஷோ இயற்றிய கவிதையைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சுவை எடோவில் தோன்றியதன்று. அதற்கும் எட்டு நூற்றாண்டுகள் மூத்தது. கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி அரசவையில் பணிபுரிந்த சேய் ஷோனகன் என்னும் பெண்மணி எழுதிய 'தலையணைக் குறிப்புகள்' நூலில் ஒரு சுவையான நிகழ்ச்சி உண்டு. அரண்மனை முற்றத்தில் பனியைக் குவித்து மலையொன்று செய்கிறார்கள். அது எத்தனை நாள் கரையாமல் நிற்கும் என்று பேரரசியின் முன்னிலையில் பந்தயம்! புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரை நிற்கும் என்று சொல்லிவிட்டு, நாள்தோறும் ஆளனுப்பிப் பார்த்து அந்தப் பெண்மணி தவிப்பதைப் படிக்கையில் நாமும் சேர்ந்து தவிக்கிறோம். அதே நூலில், பொருத்தமற்றவை எவை என்று அவர் அடுக்கும் ஓரிடம் உண்டு. எளியோர் வீட்டின் மேல் பனி பெய்திருப்பதும் அவருக்குப் பொருத்தமற்ற காட்சிகளுள் ஒன்று!

அந்த வரியைக் கடக்கும்போது நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. பனி எல்லோர் கூரையின் மீதும்தானே பெய்கிறது? அந்த எளியவர்களிடம் பனியைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இக்கேள்விக்கு விடை சொல்ல ஒருவர் வந்தார். ஆனால், அதற்குள் எட்டு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. அவர் பெயர் சுசுகி போகுஷி. எடோவுக்கு வடக்கே, மலைத்தொடருக்கு அப்பாலுள்ள எச்சிகோ நாட்டில் ஷியோசாவா என்னும் சிற்றூரில் 1770இல் பிறந்தவர். துணி வாணிகமும் அடகுக்கடையும் நடத்திய குடும்பம். 1788இல், பத்தொன்பதாம் வயதில், ஊர்த்துணியை விற்பதற்காக அவர் முதன்முதலாக எடோவுக்கு வந்தார். அங்கே அவரைத் திகைக்க வைத்தது நகரத்தின் செல்வமன்று. தம் ஊரில் பனி வீட்டுக்கூரையை மூடும் அளவுக்குப் பெய்யும் என்பதை அந்நகரத்தார் அறிந்திருக்கவே இல்லை என்பதுதான். ஓரிரு விரற்கடைப் பனி விழுந்ததும் மதுக்குப்பியோடு படகேறுபவர்களிடம் ஓராள் உயரப் பனியைப் பற்றி எப்படி விளக்குவது?

இங்கே நிலவியலைச் சற்றே கவனிப்போம். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் காற்று வறண்டது, கடுங்குளிருடையது. ஜப்பான் கடலில் பாயும் சுஷிமா நீரோட்டமோ வெப்பமானது. காற்று அந்த நீர்ப்பரப்பைக் கடக்கையில் ஈரத்தை வாரிக்கொண்டு வருகிறது. எச்சிகோவின் மலைகளில் மோதி மேலெழுந்து, சுமையையெல்லாம் பனியாக இறக்கிவைக்கிறது. மலை தாண்டி எடோவை அடையும்போது அது ஈரமிழந்த காற்று. ஆகவே எடோவில் தெளிந்த நீலவானம்! எடோவின் வெயிலும் எச்சிகோவின் பனியும் ஒரே காற்றின் இரு முகங்கள். எச்சிகோ பகுதியைச் சேர்ந்த தக்காதா நகரில் 1945 பிப்ரவரி 26 அன்று தரையில் கிடந்த பனியின் ஆழம் 377 சென்டிமீட்டர். கடற்கரையை ஒட்டிய சமவெளி நகரம் அது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

போகுஷி தம் நாட்டுப் பனியைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதை எடோவில் அச்சேற்றிவிடுவது என்று உறுதிபூண்டார். எழுதுவது அவருக்கு எளிதாயிருந்தது, வெளியிடுவது பெரும்பாடாயிற்று. புகழ்பெற்ற எழுத்தாளர் சாந்தோ கியோதென் ஆர்வம் காட்டினார். செலவைத் தாங்கப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. பின்னர் இன்னும் சிலரை நாடினார், கைகூடவில்லை. அந்நாளைய பெருங்கதாசிரியர் கியோகுதெய் பாகின் ஏற்றுக்கொண்டார். ஆனால் தம் பெருநாவல்களில் மூழ்கிப் பல்லாண்டுகள் கிடப்பில் போட்டுவிட்டார். இறுதியில் கியோதெனின் தம்பி கியோசான் முன்வந்தார். 1837இல் 'ஹொகுஎட்சு செப்பு' என்னும் அந்நூலின் முதற்பகுதி வெளிவந்தபோது போகுஷிக்கு அறுபத்தேழு வயது. எண்ணம் முளைத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள்! எடோ மக்கள் அதனை விரும்பி வாங்கினர். சில ஆண்டுகளில் இரண்டாம் பகுதியும் தொடர்ந்தது. 1842இல் அவர் மறைந்தார்.

நூலில் என்ன இருக்கிறது? எச்சிகோவில் பனியைப் 'பெருக்குவது' என்று சொல்வதில்லை, 'தோண்டுவது' என்றே சொல்வார்கள் என்கிறார். மண்ணைத் தோண்டுவதுபோல் மரப்பலகைகளால் வெட்டி அள்ளவேண்டும். தவறினால் வீடு நொறுங்கும். ஒரு பனிப்புயல் கதையும் உண்டு. கைக்குழந்தையோடு ஓர் இளந்தம்பதி மனைவியின் தாய்வீட்டுக்குப் புறப்படுகிறார்கள். கிளம்பும்போது வானம் தெளிவாயிருக்கிறது. வழியில் புயல் சூழ்ந்துகொள்கிறது. மறுநாள் ஊரார் தேடி வருகையில் கணவனும் மனைவியும் உயிரற்றுக் கிடக்கிறார்கள். தாயின் நெஞ்சோடு அணைந்த குழந்தை மட்டும் அழுதுகொண்டிருக்கிறது. இதைச் சொல்லும்போது, பனியைக் கண்டு மகிழ்கின்ற வெப்பநாட்டாரின் இன்பத்தையும் இந்தத் துன்பத்தையும் அவர் அருகருகே நிறுத்திக் காட்டுகிறார்.

அப்படியானால் போகுஷி பனியை வெறுத்தாரா? இல்லை! நூலைத் தொடர்ந்து படிக்கும்போது நமக்குக் கிடைக்கும் பெரும் வியப்பு அதுதான். வசந்தத்தில் இறுகிக் கிடக்கும் பனியையே வெட்டி மேடையும் இருக்கைகளும் செய்து, ஊர்கூடி நாடகம் நடத்தியதை அவர் மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். பாரமான மரங்களையும் கற்களையும் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி எளிதில் இழுத்துச் செல்வதைச் சொல்கிறார். இவை படகிலிருந்து கண்டு களிக்கும் இன்பமன்று. மாதக்கணக்கில் தோண்டிச் சலித்த கைகள், அதே பனியைக் கொண்டு தமக்கென்று ஆக்கிக்கொண்ட இன்பம்.

நூலின் உயிர்நிலை என்று நாம் கருதுவது வேறோரிடம். போகுஷி விற்கவந்த துணியின் பெயர் 'எச்சிகோ சிஜிமி'. ராமி என்னும் செடியின் நாரை நகத்தால் கிழித்து, முறுக்கி, நெய்வது. ஊடுநூலின் முறுக்கு மிகுதியால் துணியில் மெல்லிய சுருக்கங்கள் விழும். அதனால் அது வியர்த்த உடலில் ஒட்டாது. எனவே கோடைக்கு அதைவிடச் சிறந்த ஆடை இல்லை என்று எடோவின் செல்வர்களும் சாமுராய்களும் அதை விரும்பி உடுத்தினர். ஆனால் அது உருவானது கடுங்குளிரில்! வறண்ட காற்றில் அந்த நார் அறுந்துவிடும். பனிக்காலத்து ஈரக்காற்றில்தான் இழை நிற்கும். பனி மூடிய வீடுகளுக்குள் பெண்கள் மாதக்கணக்கில் அமர்ந்து நெய்தார்கள். நெய்த துணியை, இளவேனில் எட்டிப்பார்க்கும் நாட்களில், பனிவயலின் மீது விரித்து வெளுத்தார்கள். வெயிலும் உருகும் பனியின் ஈரமும் சேர்ந்து துணியை வெண்மையாக்கின. பனியில்லையேல் சிஜிமி இல்லை என்று போகுஷி பெருமையோடு கூறுகிறார்.

அப்பெருமைக்குள்ளும் ஒரு துயரம் உண்டு. முதன்முறையாக உயர்தரத் துணி நெய்யும் வாய்ப்புப் பெற்ற பெண்ணொருத்தி, தன் திறமையையெல்லாம் கொட்டி நெய்து முடிக்கிறாள். வெளுத்து வந்த துணியை விரித்துப் பார்த்தால், ஓரிடத்தில் புகைக்கரி நிறத்தில் சிறு கறை. அவள் துணியில் முகம் புதைத்து அழுது, அப்படியே சித்தம் கலங்கிப் போனாள் என்று எழுதுகிறார்.

இப்போது மீண்டும் சுமிதா ஆற்றங்கரைக்கு வருவோம். கோடை மாலையில் வாணவேடிக்கையைப் பார்த்து நிற்கும் செல்வரின் மேனியில் தென்றல் இதமாய்ப் படுகிறதே, அந்த இதத்தில் பாதி எச்சிகோவின் பனி தந்தது. அந்தப் பெண்களின் குளிர்காலம் தந்தது. அவருக்கு அது தெரிந்திருந்ததா? 1837க்குப் பின் தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. கொகா என்னும் குறுநாட்டின் தலைவர் தோய் தோஷித்சுரா, உருப்பெருக்கியின் துணையோடு பல்லாண்டுகள் பனித்துகள்களை ஆராய்ந்து, 1832இல் 86 வடிவங்களை வரைந்து வெளியிட்டார். கருந்துணியைக் குளிரவைத்து அதில் பனியை ஏந்திப் பார்ப்பது அவர் முறை. போகுஷி அவற்றுள் 35 வடிவங்களைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அவரது நூல் பரவ, அறுகோணப் பனிப்பூக்களும் பரவின. ஆடைகளிலும் கிண்ணங்களிலும் அவ்வடிவங்கள் பூத்தன. கோடை ஆடையில்கூடப் பனிப்பூவை அச்சிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி தேடினார்கள்!

நூற்றாண்டு கடந்து, 1936இல் ஹொக்காய்டோ பல்கலைக்கழகத்தில் நகயா உகிச்சிரோ என்னும் இயற்பியலார் முயல்மயிரின் நுனியில் உலகின் முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்தெடுத்தார். 1938இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய 'பனி' என்னும் நூல் படிகங்களின் அழகோடு தொடங்கவில்லை. போகுஷியின் நூலைச் சுட்டி, பனிநாட்டு மக்களின் வாழ்க்கையோடு தொடங்குகிறது. ஷியோசாவாவுக்கு அடுத்த யுசாவாவைக் களமாகக் கொண்டு 'பனிநாடு' நாவலை எழுதிய கவபட்டா யசுநாரியும், அதன் பிற்பகுதியில் பனியில் வெளுத்த சிஜிமியைப் பற்றி எழுதப் போகுஷியிடமே கடன்பட்டார். 2009இல் ஒஜியா சிஜிமி, எச்சிகோ ஜோஃபு என்னும் அந்நெசவுகளை யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றது.

வானிலையை இரசிப்பது குற்றமா? நிச்சயமாக இல்லை. ஹிரோஷிகேயின் மழையை நாம் இன்னும் ஆயிரம் முறை பார்ப்போம். சேய் ஷோனகனின் பனிமலை கரையாமலிருக்க அவரோடு சேர்ந்து வேண்டிக்கொள்வோம். ஆனால், பந்தயம் கட்டப்பட்ட அதே பனி வேறொரு கூரையின் மேலும் பெய்தது என்பதைச் சொல்ல ஒரு துணிவாணிகர் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தார். அவர் நகரத்தாரின் மகிழ்ச்சியைப் பறிக்கவில்லை. அதற்கு மறுபாதியை அளித்தார். அந்த மறுபாதியையும் அறிந்தபின் கிடைக்கும் இரசனையே முழுமையானது என்று நமக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை அந்த மழை ஓவியத்தைக் காணும்போது, பாலத்தில் ஓடுபவர்களோடு நின்றுவிடாமல் ஆற்றின் நடுவேயும் பாருங்கள். கழியூன்றி நிற்கும் அந்தத் தெப்பக்காரர் இன்னும் நனைந்துகொண்டுதான் இருக்கிறார்.